மரமா, இரும்பா, மாப்பிள்ளை?

"மரமா, இரும்பா, மாப்பிள்ளை?" என்று மாமனார் கேட்ட அதே நொடியில் ஷுஹெய்க்குத் தும்மல் வந்தது.

அவன் அதை விழுங்கினான். மூக்கு வழியாக வரவேண்டியது காது வழியாகப் போனது போலிருந்தது. கண்ணில் நீர் முட்டியது.

"என்ன மாப்பிள்ளை, கண் கலங்குது?" என்றார் டொகாஷி யசபுரோ.

"புது வீடுன்னு சொன்னீங்களே மாமா, அந்தச் சந்தோஷம்."

யசபுரோ புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாய் ஒரு துண்டை எடுத்து நிதானமாகக் கடித்தார். "மரவாடிக்குப் பின்னாடி இருக்கிற காலி இடத்துல உங்க ரெண்டு பேருக்கும் ஒரு வீடு. அதுக்கு எலும்பு எதுல போடுறதுன்னுதான் கேக்குறேன். இப்பல்லாம் இரும்புச் சட்டம்தான் நிறையப் பேர் வைக்கிறாங்களாம். பூகம்பம் வந்தா தாங்குமாம், கரையான் கிட்டவே வராதாம். நாம மர வியாபாரிங்கறதுக்காக மரத்துலதான் கட்டணும்னு கட்டாயம் ஒண்ணும் இல்லை. உங்க இஷ்டம்."

எங்கள் ஊரில் டொகாஷி குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்வதுண்டு. அந்த வீட்டில் யாரும் பொய் சொல்வதில்லை. மனதில் இருப்பதைச் சொல்வதும் இல்லை. அகிதா மாகாணத்தில் தேவதாரு விற்கும் வீடுகள் பல இருக்கலாம். தனக்கென்று ஒரு மலையே வைத்துக்கொண்டு, அதில் ஒரு மரத்தைக்கூட வெட்டாமல், வெளியில் ஏலத்தில் எடுத்து விற்கிற வீடு அது ஒன்றுதான். அந்த வெட்டாத மலையைக் காட்டித்தான் ஊரில் பெண் கேட்டார்கள், மாப்பிள்ளை எடுத்தார்கள், கடன் கேட்காமலேயே மரியாதை வாங்கினார்கள்.

அப்படிப்பட்ட வீட்டில் "உங்க இஷ்டம்" என்று பெரியவர் சொன்னால் அது பரீட்சை. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து, சொந்தக் குடும்பப் பெயரை விட்டு டொகாஷி என்ற பெயரையே ஏற்றுக்கொண்ட ஷுஹெய்க்கு இதுகூடவா தெரியாது?

"மரம்தான் மாமா! இதுல கேக்க என்ன இருக்கு?" என்றான்.

யசபுரோவின் வாயில் ஊறுகாய் அப்படியே நின்றது. முகம் ஒருவிதமாகச் சுருங்கியது. மனிதர் உருகிவிட்டார் என்று நினைத்தான் ஷுஹெய். எழுந்து, மரியாதையாகக் குனிந்து, நடந்து, கதவைச் சாத்தி, கொல்லைப்புறம் போய் வரிசையாகத் தும்மித் தீர்த்தான்.

விஷயம் இதுதான். ஷுஹெய்க்குத் தேவதாரு ஆகாது. பெண் பார்த்தது நவம்பரில், கல்யாணம் டிசம்பரில். தேவதாரு பூக்கிற மார்ச் மாதம் வந்தபோதுதான் அவனுக்கே தெரிந்தது. அன்று முதல் வசந்தம் வந்தால் அவனுக்கு "ஜலதோஷம்". மாத்திரையைக்கூடப் பக்கத்து ஊர் மருந்துக்கடையில்தான் வாங்குவான். அலுவலக அறையின் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கணக்குப் பார்ப்பான். வீட்டில் தெரிந்தவள் மனைவி சயோரி மட்டும்.

"மகரந்தத் தூள் பூவுலதான் இருக்கும். அறுத்த தூண்ல இருக்காது. அதாவது தெரியுமா உங்களுக்கு?" என்றாள் சயோரி.

"எனக்குத் தெரியும். என் மூக்குக்குத் தெரியாதே! ஆபீஸ்ல புதுசா ஒரு தேவதாரு அலமாரி வச்சாங்க, ஒரு வாரம் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாதா? டாக்டர் அது மனசுன்னார். மனசுக்கு மாத்திரை இல்லைன்னும் சொன்னார். நாலு பக்கமும் தேவதாருவை நட்டு நடுவுல என்னைப் படுக்கச் சொன்னா நான் எப்படி மூச்சு விடுறது?"

"அப்ப அப்பாகிட்டப் போய் நேரா சொல்லுங்க."

"என்னன்னு? உங்க மரவாடிக்கு வாரிசா வந்தவனுக்கு மரமே ஆகாதுன்னா? சாக்கே மது வடிக்கிற வீட்டு மாப்பிள்ளைக்குக் குடி ஒத்துக்கலைன்னு தெரிஞ்சதும் என்ன ஆச்சு? பெட்டியோட பஸ் ஏத்தி விட்டாங்களே! என் பேரை விட்டுட்டுத்தான் உங்க பேரை எடுத்துக்கிட்டேன். இதையும் பிடுங்கிக்கிட்டா நான் எந்தப் பேருல போய்த் தும்முறது?"

"எந்தப் பேருல தும்மினாலும் கைக்குட்டையை நீங்களே துவைச்சுக்கோங்க" என்றாள் சயோரி.

ஷுஹெய் ஒரு வழி கண்டுபிடித்தான். தானாகச் சொன்னால்தானே தப்பு? வேறு யாராவது வந்து சொன்னால்? எஃகுச் சட்டத்தில் வீடு கட்டும் ஒரு கம்பெனியின் விற்பனைக்காரர் மிகாமியைத் தொலைபேசியில் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை தற்செயலாக வந்ததுபோல் வரச் சொன்னான்.

மிகாமி வந்தார். சாதாரணமாக யசபுரோ விற்பனைக்காரர்களை வாசலோடு அனுப்பிவிடுவார். அன்று உள்ளே கூப்பிட்டார். விருந்தாளிக்கென்று எடுத்து வைத்திருந்த நல்ல தேநீரையே ஊற்றிக் கொடுத்தார். டொகாஷி வீட்டில் எவ்வளவு மரியாதையோ அவ்வளவு கோபம்.

மிகாமி பையிலிருந்து ஒரு எஃகுத் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். யசபுரோ அதைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார்.

"துருப் பிடிக்காதா?"

"பிடிக்காதுங்க. மேல துத்தநாகம் பூசியிருக்கு."

"பூகம்பம்?"

"ஆடும். விழாது."

"பனி பாரம்?"

"கூரை மேல யானை ஏறினாலும் தாங்கும்ங்க. உங்க ஊர்ல யானை இல்லை, இருந்தாலும் சொல்றேன்."

"அப்ப குறைன்னு ஒண்ணுமே கிடையாதா?" யசபுரோ கெஞ்சுகிற குரலில் கேட்டது போலிருந்தது. பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, ஒரு வார்த்தை 'சரி'ன்னு சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

'நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்'! போன தலைமுறையில் ஒரு கணக்குப்பிள்ளை இந்த வார்த்தையைக் கேட்ட மறுநாள் ஊரை விட்டே போனதாக ஷுஹெய் கேள்விப்பட்டிருந்தான். துள்ளி எழுந்தான்.

"யோவ் மிகாமி! மரவாடி வாசல்ல வந்து இரும்பு விக்கிற தைரியம் உமக்கு எங்கேருந்து வந்தது?"

"சார், நீங்கதானே என்னை…"

"நான்தான்! நான்தான் இந்த வீட்டு மாப்பிள்ளை! நான் இருக்கிற வரைக்கும் இந்த வீட்டு மண்ணுல இரும்பு நிக்காது. போய்யா வெளியே!"

அவன் தள்ளிக்கொண்டு போன வேகத்தில் மிகாமி காலணியை மாட்ட மறந்து, வீட்டுக்குள் போடும் செருப்போடே பனியில் இறங்கி ஓடினார். அதை ஊரே பார்த்தது. உள்ளே வந்தபோது யசபுரோ எஃகுத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய உதடு துடித்தது.

"அப்பா அழுதாரு" என்றாள் சயோரி அன்று மாலை. "எனக்கு விவரம் தெரிஞ்சு அவர் அழுது நான் பார்த்ததே இல்லை."

"பெருமையில அழுதிருப்பார்" என்றான் ஷுஹெய் பரிதாபமாக.

மறுநாள் காலையிலேயே மர வியாபாரிகள் சங்கத் தலைவர் கனெகோ வந்துவிட்டார். எங்கள் ஊரில் ஒரு செய்தியைப் பரப்ப வேண்டுமென்றால் கனெகோவிடம் ரகசியம் என்று சொன்னால் போதும்.

"கேள்விப்பட்டேன் மாப்பிள்ளை! செருப்போட துரத்துனீங்களாமே! பெத்த பிள்ளைகூட இப்படிச் செய்ய மாட்டான். யசபுரோ, நீ கொடுத்து வச்சவன்யா."

"ஆமா" என்றார் யசபுரோ. அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவருக்கு வெகு நேரம் பிடித்தது.

இரண்டு பேரும் எதிரே இருக்க, ஷுஹெய்க்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. மரம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் மாமனார் கொடுக்கவே முடியாத மரத்தைக் கேட்கலாமே? அந்த மலையில் கை வைப்பதாவது! அவரே மறுத்துவிடுவார். 'அது இல்லையென்றால் வேறு எந்த மரமும் வேண்டாம்' என்று பெருந்தன்மையாகச் சொல்லி இரும்புக்குப் போய்விடலாம்.

நெற்றி தரையில் படும்படி குனிந்தான். "மாமா, ஒரே ஒரு ஆசை. ஏலத்துல எடுத்த மரம் வேண்டாம். நம்ம மலை மரத்துல கட்டணும். அது முடியாதுன்னா எனக்கு மரமே வேண்டாம்."

யசபுரோவின் கையிலிருந்த தேநீர் கனெகோவின் மடியில் கொட்டியது.

"நம்ம… மலையா?"

"ஆமா மாமா. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"அது வெட்டாத மலை மாப்பிள்ளை. எங்க தாத்தா காலத்துலேருந்து…"

மடியைத் துடைத்துக்கொண்டிருந்த கனெகோ துள்ளிக் குதித்தார். "பலே! இத்தனை காலமா வெட்டாம வச்சது எதுக்கு? இப்படி ஒரு வாரிசுக்குத்தானே! யசபுரோ, நீ மாட்டேன்னு சொல்லிடுவியா? சொல்லு பார்ப்போம்!"

சங்கத் தலைவர் எதிரில் டொகாஷி வீட்டுப் பெரியவர் தன் மலையிலிருந்து மரம் கொடுக்க மறுப்பதா? யசபுரோ நிமிர்ந்து உட்கார்ந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. "யார் மாட்டேன்னது?" என்றார். "ஆகட்டும்."

அதன் பிறகு நடந்ததை நான் ஒழுங்காகச் சொல்லிவிட முடியாது. இரண்டு கௌரவமான மனிதர்கள் ஒருவரை ஒருவர் 'வேண்டாம்' என்று சொல்ல வைக்கப் பாடுபட்டார்கள். இரண்டு பேருமே தோற்றுக்கொண்டே இருந்தார்கள்.

குளியலறைக்கு வெளியே நின்று யசபுரோ சொல்வார்: "மாப்பிள்ளை, குளிக்கிற தொட்டியும் தேவதாருவுலயே பண்ணிடலாம்னு பார்க்கிறேன். வாசனை வேணும்னா கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும். ஒத்துக்காதுன்னா தயங்காம சொல்லுங்க."

"பிரமாதம் மாமா!" என்று தொட்டிக்குள்ளிருந்து குரல் வரும். தொடர்ந்து ஒரு தும்மல். "வென்னீர் மூக்குல ஏறிடுச்சு!"

"படுக்கையறைக் கூரையும் அதேதான். மேல பூச்சு எதுவும் அடிக்காம, பச்சையா. மூச்சு முட்டுற மாதிரி இருந்தா…"

"மூச்சு முட்டணும் மாமா! அப்பத்தான் அது டொகாஷி வீடு!"

யசபுரோ சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போவார்.

பதிலுக்கு ஷுஹெய் கூட்டினான். மலையிலேயே மூத்த மரம்தான் நடுத்தூணுக்கு வேண்டும் என்றான். அவ்வளவு பெரிய மரத்தை வெட்ட யாருக்கு மனசு வரும்? "ஆகட்டும்" என்றார் யசபுரோ, இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு. கோவிலிலிருந்து பூசாரி வந்து மரத்திடம் மன்னிப்புக் கேட்டுப் பாட வேண்டும் என்றான். "ஆகட்டும்." கடைசி அஸ்திரமாக, சங்கத்து ஆட்கள் அத்தனை பேரும் கூட இருந்து பார்க்க வேண்டும் என்றான். அதற்குப் பெரியவர் வாயைத் திறப்பதற்குள் கனெகோ எல்லோரையும் கூப்பிட்டு முடித்திருந்தார்.

"எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு" என்றார் யசபுரோ, கிளம்புகிற நாளுக்கு முன்தினம்.

"அதனால என்ன? நாற்காலியில உட்கார வச்சுத் தூக்கிட்டுப் போறோம்" என்றார் கனெகோ.

"உங்க ரெண்டு பேருக்கும் என்ன பைத்தியமா?" என்று சயோரி புருஷனைப் பிடித்து உலுக்கினாள். "அவர் நாளுக்கு நாள் கரைஞ்சு போறார். நீங்க நாளுக்கு நாள் வீங்கிப் போறீங்க. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை யாராவது பேசினா என்ன?"

"மரியாதைன்னு ஒண்ணு இருக்கு சயோரி" என்றான் ஷுஹெய், மூக்கடைத்த குரலில்.

மார்ச் மாதக் கடைசியில் ஒரு தெளிவான காலை. அடிவாரத்தில் இன்னும் பனி கிடந்தது. மேலே மலை முழுவதும் பழுத்த மஞ்சள் நிறத்தில் நின்றது. காற்று ஒருமுறை வீசினால் மரங்களிலிருந்து மஞ்சள் புகை கிளம்பி மெல்ல இறங்கியது. சங்கத்து ஆட்கள் "ஆகா, என்ன செழிப்பு!" என்றார்கள். ஷுஹெய் முகமூடிமேல் முகமூடியாக மூன்று போட்டிருந்தான். பயபக்தி என்று கனெகோ எல்லோருக்கும் விளக்கினார்.

எது மூத்த மரம் என்று கண்டுபிடிப்பதிலேயே யசபுரோ வெகுநேரம் எடுத்துக்கொண்டார். இதுவோ அதுவோ என்று சுற்றினார். கடைசியில் கனெகோவே ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து, "கை எட்டலை, இதுதான்!" என்றார். பூசாரி காகிதச் சரம் கட்டிய கோலை ஆட்டிப் பாடி முடித்தார்.

"இன்னொரு தடவை பாடுங்க" என்றார் யசபுரோ.

பூசாரி இன்னொரு தடவை பாடினார்.

"மனசு நிறையலை. இன்னும் ஒரே தடவை." யசபுரோ கீழே சாலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"சாமிக்கே அலுத்துடும்ங்க" என்று பூசாரி கோலை மடக்கிக்கொண்டார்.

முதல் வெட்டு வாரிசுடையது. முகமூடியோடு கோடாலி எடுப்பது மரத்துக்கு அவமரியாதை என்று யாரோ சொல்ல, கனெகோ அன்பாக அவன் முகமூடிகள் மூன்றையும் கழற்றிவிட்டார். ஷுஹெய் கோடாலியைத் தலைக்கு மேல் தூக்கினான். அந்த நேரம் பார்த்து மேலே காற்று அடித்தது. மஞ்சள் புகை ஒரு போர்வையைப் போல அவன் தலையில் இறங்கியது.

அப்புறம் வந்தது தும்மல் அல்ல. பல வசந்தங்களாகச் சேர்த்து வைத்திருந்த பாக்கி. முதல் தும்மலில் கோடாலி கையை விட்டுப் பறந்து பனியில் குத்தி நின்றது. இரண்டாவதில் பூசாரி மரத்துக்குப் பின்னால் ஒளிந்தார். மேலும் மேலும் வந்ததில் சங்கத்து ஆட்கள் பின்வாங்கி வட்டமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவன் கண்கள் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன.

"ஏய், இது ஜலதோஷம் இல்லைய்யா" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். "என் மச்சினனுக்கும் இருக்கு. தேவதாரு ஆகாத ஆளுய்யா இவன்!"

அது வட்டம் முழுக்கப் பரவியது. டொகாஷி வீட்டு வாரிசுக்குத் தேவதாரு ஆகாது.

ஷுஹெய் பனியில் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தான். மாமனார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று கண் தெரியவில்லை. குத்துமதிப்பாக ஒரு பக்கம் பார்த்துப் பேசினான். அது பூசாரி இருந்த பக்கம்.

"மாமா, என்னை மன்னிச்சிடுங்க. முதல் வசந்தத்துலேருந்தே இப்படித்தான். சொல்லத் தைரியம் வரலை. எனக்கு மர வீடு வேண்டாம். இரும்புதான் வேணும். பெட்டி கட்டச் சொன்னா கட்டிடுறேன். சயோரியை மட்டும் திட்டாதீங்க."

யசபுரோவின் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டு கைகள் அவன் தோளைப் பிடித்தன.

"இரும்புன்னா சொன்னீங்க?" என்றார் பெரியவர். "இன்னொரு தடவை சொல்லுங்க மாப்பிள்ளை. எல்லார் காதுலயும் விழட்டும்."

"இரும்பு, மாமா."

யசபுரோ கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். முதுகு ஈட்டி போல நிமிர்ந்தது. "கேட்டீங்களா? டொகாஷி வீட்டுக்கு இது அவமானம்னா, அந்த அவமானம் என்னோட போகட்டும். ஒரு மரத்துக்காக நான் என் மாப்பிள்ளையோட மூச்சை விலை பேச மாட்டேன். இந்த மலையில இன்னிக்கு மட்டுமில்லை, என்னிக்குமே கோடாலி விழாது. இரும்புலயே கட்டுறோம். மரியாதைப்பட்ட குடும்பம் மரத்துல நிக்கலை, மனசுல நிக்குது!"

கனெகோ வாய்விட்டு அழுதுவிட்டார். "இப்படி ஒரு மாமனார் எந்த ஊர்ல கிடைப்பார்! நான் இத்தனை நாள் தலைவரா இருந்ததுக்கு இன்னிக்குத்தான் அர்த்தம்." பூசாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாக்கே பீப்பாயைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் பெரியவரைச் சூழ்ந்து வாழ்த்தியபடி கீழே இறங்கினார்கள். இடுப்பு பிடித்திருந்த மனிதர் எல்லோருக்கும் முன்னால், பையனைப் போல இறங்கினார்.

ஷுஹெய் மட்டும் பின்தங்கினான். இவ்வளவு பெரிய மனதை இத்தனை நாள் சந்தேகப்பட்டோமே என்று வெட்கப்பட்டான். பனியை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மரத்தின் முன்னால் நின்று மூன்று முறை குனிந்தான்.

அப்போது சரிவில் தபதபவென்று யாரோ ஏறி வந்தார்கள். காக்கிச் சட்டை, கழுத்தில் பெரிய மணி, கையில் ஒரு தகர டப்பாவும் குச்சியும். முழங்கால் வரை பனி. வந்தவர் முதலில் மரத்தைத்தான் பார்த்தார்.

"வெட்டலையே? அப்பாடா!"

"வெட்டலை. நீங்க யாரு?"

"குரோதா. இந்த மலைக் காவல்காரன். பெரியவர் எங்கே?"

"எல்லாரும் கீழே போயிட்டாங்க. மலைக்குக் காவல் போட்டிருக்கார்னு மாமா என்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"அவரா போட்டாரு? டோக்கியோ கம்பெனி போட்டுச்சு" என்றார் குரோதா, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டே. "உங்க கல்யாணத்துக்கு முன்னாடியே கம்பெனிக்கு இந்த மலையை வித்த மனுஷன், வாரிசுக்கு மர வீடுன்னா ஊரு இந்த மலை மரத்தைத்தான் கேக்கும்னு பயந்துக்கிட்டே இருந்தவரு, நேத்துதான் முதல் தடவையா என்கிட்ட ஒரு உதவி கேட்டாரு, கோடாலி விழுறதுக்குள்ள 'கரடி வருது, கரடி வருது'ன்னு கத்திக்கிட்டு ஓடி வந்து கூட்டத்தைக் கலைச்சு விடணும்னு, வண்டி பனியில மாட்டிக்கிச்சு தம்பி, இப்பவாச்சும் கத்தட்டுமா, வேண்டாமா?"